செம்பூர் மொட்டைமாடியில் பதினோரு நிமிடம்

கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். சுடலைக்கண்ணன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நடந்தது நடந்ததுதான் என்று மட்டும் சொன்னான். போன நவம்பர், ஒரு வியாழக்கிழமை. ராத்திரிகூட இல்லை. வெயில் இருந்தது.

தாராவியில் லெதர் பட்டறையில் வேலை பார்த்தவன் அவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் பட்டறையின் இரும்பு ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. அவன் வீடு இருக்கும் சந்துக்குள் சக்கர நாற்காலி நுழையாது. வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்கி வந்து 90 அடி ரோட்டில் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

டிரோன் ஓட்டக் கால் வேண்டாம் என்று சொன்னவன் எட்வின். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற கூட்டாளி. ஆறு மாதமாக அவன்தான் பழக்கினான். கையில் ரிமோட், முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. டிரோன் பார்ப்பதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் தெரியும். சினிமாவில் வருவதுபோல், உதறாமல், ஒரே ஓட்டமாக ஒரு ஷாட் எடுத்துக் காட்டினால் ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகர் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவதாக எட்வின் சொல்லியிருந்தான். விழுந்ததற்குப் பிறகு வருகிற முதல் வேலை அது. முந்தின இரவு சுடலைக்கண்ணன் தூங்கவே இல்லை.

செம்பூரில் ஏழு மாடிக் கட்டடம். புதிதாகக் கட்டியது. அதைப் படம் பிடிக்கத்தான் எட்வினைக் கூப்பிட்டிருந்தார்கள். லிஃப்ட் மொட்டைமாடி வரைக்கும் போகும். 5:10க்கு மாடிக்கு வந்தார்கள். கிழக்குப் பக்கம் கைப்பிடிச் சுவரை ஏதோ வேலைக்காக இடித்துப் போட்டிருந்தார்கள். குறுக்கே ஒரு கயிறு மட்டும். எட்வின் நாற்காலியை அதற்கு இருபதடி தள்ளி நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டான். டிரோனைப் பின்னால் தரையில் வைத்து, படம் வருகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொன்னான். வந்தது.

அப்போது வாட்ச்மேன் ஃபோன் பண்ணினான். கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரி பர்மிஷன் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்கிறாராம். எட்வின் டிரோன் பக்கத்தில் குனிந்து எதையோ சரிபண்ணிவிட்டுக் கிளம்பினான்.

"நான் வாற வரைக்கும் தொடாதல, என்ன?"

5:31. லிஃப்ட் கதவு மூடியது.

சுடலைக்கண்ணன் காத்திருந்தான். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. இந்த வெளிச்சம் போய்விட்டால் ஷாட் இல்லை. ஷாட் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. கடைசியில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். அதன் மூலையில் மணி தெரியும். அதனால் நேரமெல்லாம் அவனுக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது.

5:44. படம் இருந்தது. டிரோன் பேட்டரி 71 சதவீதம்.

ரிமோட் குச்சியைத் தள்ளினான். தரை கீழே இறங்கியது. தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனாக்கள், தூரத்தில் லோக்கல் டிரெயின். இவ்வளவு வழுவழுப்பாக அவன் ஒருநாளும் ஓட்டியதில்லை. கேமராவைத் தன் பக்கமே திருப்பினான். நாற்காலியில் ஒரு சின்ன ஆள். அவனேதான்.

ஒன்று மட்டும் இடித்தது. சத்தம் இல்லை. தேனீக்கூட்டம்போல இரைகிற டிரோன்... சத்தமே இல்லை. காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

5:49. பேட்டரி 71.

ஐந்து நிமிடம் பறந்திருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை.

விரலை எடுத்தான். விரலை எடுத்தால் டிரோன் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நிற்கவில்லை.

படம் கீழே இறங்கியது. அவன் முதுகுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு வந்தது. மெதுவாக நெருங்கியது. லேசாக மேலும் கீழும் ஆடியது... ஒரு பக்கம்... மறு பக்கம்...

டிரோன் படம் அப்படி ஆடாது. நடக்கிறவர்கள் பார்வைதான் அப்படி ஆடும்.

5:51. படத்தின் கீழ் ஓரத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்ததுபோல வெளிறி, தோல் சுருங்கிய கைகள். அவன் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்தன.

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். இடுப்பைத் திருப்ப முடியாது. கழுத்தைத் திருப்பினான்.

யாரும் இல்லை.

மூச்சு விட்டான்.

கிர்ர்ர்...

பிரேக் போட்ட டயர்கள் தரையில் தேய்கிற சத்தம். நாற்காலி நகர்ந்தது. கயிற்றைப் பார்த்து.

சக்கரத்தை இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கை உரிந்தது. நிற்கவில்லை. ஃபோன் பையில் இருந்தது. பை பின்னால்... அந்தக் கைப்பிடியில் தொங்கியது.

"எட்வினு... எட்வினு..."

ஏழு மாடிக்குக் கீழே யாருக்குக் கேட்கும்?

கயிறு பத்தடியில்.

ஐந்தடியில்.

உடம்பைப் பக்கவாட்டில் தள்ளினான். விழுந்தான். கால்கள் மிதிபலகையில் மாட்டிக்கொண்டன. நாற்காலி அவனையும் சேர்த்து இழுத்தது. வலிக்கவில்லை. அதுதான் கொடுமை. தன் கால்கள் விளிம்பை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

அப்புறம்... நின்றது.

கைக்கடிகாரத்தில் 5:55.

6:07க்கு லிஃப்ட் திறக்கும்வரை கன்னம் தரையில் பட அப்படியே கிடந்தான். எட்வின் ஓடி வந்து தூக்கினான். சொன்னதைக் கேட்காமல் டிரோனைப் பறக்கவிட்டதற்குச் சுடலைக்கண்ணன் மன்னிப்புக் கேட்டான். பிறகு பார்த்ததையெல்லாம் சொன்னான்.

எட்வின் டிரோன் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுச் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"கோவிச்சுக்கிடாதடே. நீ தனியா ஓட்டிருவியோன்னு பயந்து, போம்போதே பேட்டரியக் கழட்டிட்டுல்லா போனேன்."

அன்று அந்த டிரோன் பறக்கவே இல்லை.