வெள்ளிக்கிழமைக் கட்டில்

அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்த அஸ்தினாபுரம் சென்டரில், யாருக்கு எந்தக் கிழமை, எந்தக் கட்டில் என்பதை ஒரு நோட்டில் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் நானே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சம்பளத்துக்கு எழுதியதைவிட அதில்தான் எனக்குப் பெருமை.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெருங்களத்தூரில் ஆட்டோகூட நகராது. ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அங்கேதான் நிற்கும். அதனால் அந்தப் பக்கத்து நோயாளிகளை அந்த வாரம் மட்டும் வியாழனுக்கு மாற்றுவது சென்டரின் வழக்கம். அப்போது அப்படி ஒருவர்தான் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் வருகிற, முன்பு ஆட்டோ ஓட்டியவர். பட்டியலைக் காப்பி எடுத்து, காப்பியில் அவருடைய வெள்ளியை வியாழனாக்கினேன். பொங்கல் வாரம் நல்லபடியாகப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் அக்கா போன் செய்தார். அந்த ஆட்டோக்காரர் வந்து நிற்கிறார், பட்டியலில் பேரைக் காணோம், கட்டிலில் புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் படுக்கவைத்து மெஷினும் மாட்டியாகிவிட்டது என்றார். நேற்றைய பட்டியலில் அவர் பேர் இருந்ததாம். வரவில்லையே, உடம்பு முடியவில்லையோ என்று விட்டுவிட்டார்களாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் காப்பிலதான் கை வெச்சேன் அக்கா. ஒரிஜினலைத் தொடவே இல்ல." நீங்கள்தான் எதையாவது அமுக்கியிருப்பீர்கள் என்றும் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

லேப்டாப்பைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. நான் காப்பி எடுத்தது பட்டியலை மட்டும். உள்ளே இருந்த நோயாளியின் விவரம் காப்பியாகவில்லை. இரண்டு பட்டியலும் அந்த ஒரே விவரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. காப்பியில் வியாழனாக்கியது ஒரிஜினலிலும் வியாழனாகிவிட்டது. சாவிக்கு டூப்ளிகேட் போட்டால் வீடு இரண்டாகிவிடுமா? புதியவர்களுக்கு நான் பாடம் எடுக்கிற விஷயம் இது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மத்தியானம் ஒரு கட்டில் காலியாகும்வரை நானும் பக்கத்திலேயே இருந்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நாந்தான் நாளு தெரியாம வந்துட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன் சார்," என்றார்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி விடுங்கள் என்றார், ஆனால் மறுபடியும் ஒரு நோட்டு வாங்கிவிட்டார். புரோகிராமில் நான் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அவர் எனக்கு போன் செய்கிறார்.

"லிஸ்ட்ல நான் கீறேனா சார்?"

சரிசெய்தாயிற்று, இனி கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திறந்து, அவர் பேரைக் கண்ணால் பார்த்த பிறகுதான், "இருக்கீங்க, வாங்க" என்கிறேன்.