மேலுதட்டுக்குள் ஒரு கிழிசல்

காலை ஒன்பது இருபதுக்கு அலமாரியின் மேலிருந்து பயணப் பெட்டி சரிந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடியபோது என் மகள் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். நாற்காலி போட்டு ஏறி, தானே பெட்டியை இறக்கப் பார்த்திருக்கிறாள். அதன் விளிம்பு வாயில் இடித்துவிட்டது.

அன்று பிற்பகல் அவள் தன் அப்பாவோடு போவதாக இருந்தது. அவரும் நானும் பிரிந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது, போய்விட்டார். எனக்கு இங்கே அந்தமானில், பாராடாங் தீவில் பள்ளி வேலை. படகு வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்து வீட்டில் மகளோடு இருந்துவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் அங்கே ஒரு நல்ல பள்ளியில் படிக்கட்டும் என்று அவர் சொன்னார். அவள் சரி என்றாள். நானும் சரி என்றேன்.

படகில் அக்கரைக்குப் போனால், அங்கிருந்து போர்ட் பிளேர் போகும் காட்டுச் சாலையில் வண்டிகள் காவலோடு, வரிசையாக, குறித்த நேரத்தில்தான் போகலாம். அன்றைய கடைசிக் கான்வாயைத் தவறவிட்டால் மறுநாள்தான். மறுநாள் விடிகாலையில் அவர்களுக்கு விமானம்.

வாயைக் குளிர்ந்த நீரில் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. மேலுதட்டை மெல்லத் தூக்கினேன். உதட்டையும் ஈறையும் நடுவில் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய தோல் கிழிந்திருந்தது. வாய்க்குள் சின்னக் காயம்கூட நிறைய ரத்தம் காட்டும். எச்சிலோடு சேர்ந்து இன்னும் அதிகமாகத் தெரியும். இது எனக்குத் தெரியும். பள்ளி மைதானத்தில் விழுந்த எத்தனையோ பிள்ளைகளின் உதட்டை நான் அழுத்திப் பிடித்திருக்கிறேன். சுத்தமான துணியை நனைத்து மடித்து, உதட்டைப் பல்லோடு சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. நின்ற பிறகும் உதட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினால் அந்தத் தோல் மறுபடி பிரியும்.

அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். ரத்தம் வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி பார்த்தேன்.

பக்கத்து வீட்டு வங்காள அக்கா ஒரு கிண்ணத்தில் ஐஸ் கொண்டுவந்தார். அதைத் துணியில் சுற்றி உதட்டின் மேல் வைத்தோம்.

"ஐஸுக்குப் பதிலா ஐஸ்கிரீம் வெச்சா ஆகாதாம்மா?" என்றாள் மகள், துணிக்குள்ளிருந்து.

"பேசாதடி. வாயை அசைக்காத."

நான் உதட்டைத் தூக்கினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பார் பார் மத் தேக்கோ, தீதி" என்றார். சும்மா சும்மா பார்க்காதே, விட்டுவிடு, தானே நிற்கும் என்று அவருடைய இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசல் தாண்டியதும் நான் இன்னொரு முறை பார்த்தேன்.

பிறகு மகளின் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் போர்ட் பிளேரிலிருந்து கான்வாயில் வந்துகொண்டிருந்தார். "ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. இன்னைக்கு அனுப்ப முடியாது போல" என்றேன்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம்தான். உண்மையிலேயே நிற்காத ரத்தமாக இருந்திருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். நான் ஓடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாரே என்று பயந்தேன். அந்த பயம் மனதில் வந்து நின்றபோதுதான், என் கை காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் உதட்டைத் தூக்கினேன்.

மகள் என் கையைத் தள்ளினாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான்.

"நீ பாத்தாதாம்மா ரத்தம் வருது."

துணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். போய் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி, தானே உதட்டை அழுத்திக்கொண்டாள். அந்தச் சின்ன முதுகை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் அசையவில்லை.

எவ்வளவு நேரம் என்று நான் மணி பார்க்கவில்லை. அவள் திரும்பித் துணியைக் காட்டியபோது அதில் புதிதாகச் சிவப்பு எதுவும் இல்லை.

"நின்னுடுச்சு. அப்பா ஏதாவது கேட்டா, நானேதான் பெட்டிய இழுத்தேன்னு சொல்லிடறேன். உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சரியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். நான் அவருடைய திட்டுக்குப் பயந்து நடுங்குகிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்தேன். ஊறுகாய் வைக்கவில்லை, புளிப்பும் காரமும் பட்டால் எரியும். ஸ்பூனை வாயின் ஓரமாகக் கொடுத்து ஊட்டினேன். அவளுக்கு ஊட்டி விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து சாப்பிட்டதும் வெதுவெதுப்பா உப்புத்தண்ணி வெச்சுக் கொப்பளி. நாக்கால தொடாத. பிரஷ் அங்க படாம பாத்துக்க. வீங்கினாலோ சீழ் வந்தாலோ உடனே அப்பாகிட்ட சொல்லு."

"எத்தன நாளும்மா?"

"கொஞ்ச நாள்தான். வாய்க்குள்ள சீக்கிரம் ஆறிடும்."

"அப்புறம் உனக்கு வீடியோ கால்ல காட்டவா?"

"வேண்டாம். யாருக்கும் தூக்கிக் காட்டாத. எனக்கும்தான்."

அவள் துணிகளை நான் மடித்துக் கொடுக்க, அவள் பெட்டியில் அடுக்கினாள். ரத்தம் பட்ட சட்டையை ஊற வைக்கிறேன், அது இங்கேயே இருக்கட்டும் என்றேன். சரி என்றாள்.

ஜெட்டியில் படகு வந்து நின்ற சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அவர் வாசலில் நின்றார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவும் இல்லை. குனிந்து மகளின் முகவாயைத் தொட்டு, "எங்க, காட்டு" என்றார். அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு தலையை அசைத்தாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போனில் நான் சொன்னதைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பெட்டியைக் கையில் எடுத்தார்.

"நின்னுடுச்சுல்ல, அப்ப கிளம்பலாம். அம்மாகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லு பாப்பா."