"அவையளிலை பழகட்டும்"

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும். இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

எங்களுக்கு முன்னால் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். பயிற்சியில் இருக்கும் பெண் டொக்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பழகிற ஆக்கள் என்ரை காலிலை கத்தி வைக்கக் கூடாது. மயிலிட்டிப் பக்கத்து மீன்பிடிக்கிற ஆக்கள் வருகினம்தானே, அவையளிலை பழகட்டும்."

எனக்கு அருவருப்பாக இருந்தது. சிலர் தலையாட்டியது அதைவிட அருவருப்பு.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து நடந்து வந்தார்.

"நான் மயிலிட்டிதான் ஐயா. போன வருசம் என்ரை இடது முழங்காலை இந்தப் பிள்ளைதான் மாத்தினவ. பெரிய டொக்டர் பக்கத்திலை நிண்டவர். நடக்கிறன்தானே?"

பிறகு டொக்டரிடம், "வலதையும் நீங்களே செய்யுங்கோ, பிள்ளை" என்றார்.

அதிபர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அப்போது அம்மா என் காதுக்குள், "எங்களுக்குப் பெரிய டொக்டரையே கேள், என்ன?" என்றார்.

எங்கள் முறை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பிள்ளையிடமே பெரிய டொக்டரைக் கேட்டேன்.

"ஓம், எழுதிவிடுறன்" என்று சிரிக்காமல் எழுதினார்.

அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. இப்போது அது என்மேல்.

அதிபரைத் திட்ட விரும்புகிறவர்கள், முதலில் சொல்லுங்கோ: உங்கள் அம்மாவென்றால் கேட்டிருக்க மாட்டீர்களா?