அந்த வீட்டு எல்லன்

லாங் ஐலண்டில் இருந்த தேயர் மாளிகையில் மேசையில் பரிமாறுகிறவள் எவளானாலும் அவள் பெயர் எல்லன்தான். அயர்லாந்துக்காரி ஹோனோரா வேலைக்குச் சேர்ந்த அன்றே ஹார்லன் தேயர் சொல்லிவிட்டான்: "வாயில நுழையுற பேரா இது? நீ எல்லன்." பாட்டன் சொத்தில் குதிரையேறி போலோ ஆடும் தடியன், அவனுக்கென்ன! பெயரைப் பறிகொடுத்ததை ஊருக்கு எழுத அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடிதங்களில் ஹோனோராவாகவே இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை தம்பி மாலக்கி கப்பலில் வந்து இறங்குகிறான். அன்று மாலையே மேற்கே எங்கோ ஒரு சுரங்க வேலைக்கு ரயில் ஏறவேண்டும். தாயும் போனபின் அவளுக்கு மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். வியாழன் மதியம் வேலைக்காரிகளுக்கு விடுமுறை. ஆனால் தேயர் கையை விரித்துவிட்டான்.

"போலோ விருந்து இருக்கு. உன் தம்பி எங்க ஓடிடப்போறான்?"

துறைமுகத்துக்குப் போகிற ஊர்க்காரன் ஒருவனிடம், தம்பியை மாளிகைக்கே வரச்சொல்லி அனுப்பினாள்.

விருந்து நடுவில் தேயர் கத்தியால் கிண்ணத்தைத் தட்டினான். "இந்தக் கூத்தைக் கேளுங்க! வாசல்ல ஒரு பய, 'ஹோனோரா இருக்காளா'ங்கிறான். அப்படி யாரும் இங்க இல்லப்பா, எங்ககிட்ட எல்லன்தான் இருக்குன்னேன். கண்ணத் தொடச்சிக்கிட்டே போறான்!"

மேசையே சிரித்தது. குழம்புக் கிண்ணத்தோடு நின்ற ஹோனோரா ஓரடி முன்னால் வந்தாள்.

"அய்யா, அது என் தம்பி."

"தெரியும். மூக்கு அப்படியே உன் மூக்கு." தட்டை அவள் பக்கம் தள்ளினான். "குழம்பு ஆறுது, எல்லன்."

பாவி! கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு, ஏப்ரனோடு ரயில் நிலையத்துக்கு ஓடினாள். ரயில் கிளம்பியிருந்தது. தண்டவாளத்தை ஒட்டியே "மாலக்கி! மாலக்கி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள். எந்த ஜன்னலிலும் தலை நீளவில்லை. எந்த ஊர்ச் சுரங்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தாள். வாசல் பூட்டியிருந்தது. அவளுடைய பெட்டி வெளியே கிடந்தது. காவல்காரர் கஸ், தினமும் அவளிடம் வம்பளக்கிற மனிதர், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கதவத் தொறங்கண்ணே. நான்தான், எல்லன்."

"எல்லன் உள்ள காப்பி ஊத்திக்கிட்டிருக்கா தாயி. பாத்திரம் கழுவுற பொண்ண அந்த எடத்துக்கு ஏத்திட்டாங்க."

"அப்போ... ஹோனோரா வந்திருக்கான்னு சொல்லுங்க."



"அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்கார்மா."