ஞானேஸ்வரிக்கு வந்த கனத்த பரிசு

கண்டி மாநகர சபையில் எனக்குப் பக்கத்துக் கதிரை ஞானேஸ்வரிக்கு. வாரநாளில் வீடுகளுக்கு வரி போடும் சோலைவரிப் பிரிவில் தலை நிமிராமல் வேலை செய்வாள். ஞாயிறு வந்தால் தன் சிவப்பு ஸ்டார்லட் காரை எடுத்துக்கொண்டு மலையேற்றப் பந்தயம். பொம்பளைக்கு இது தேவையா என்று கேட்டவர்களோடு அவள் சண்டைக்குப் போனதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் போட்டிருக்கிறேன்.

அவள் கணவர் சேதுராமனுக்குக் கம்பளையில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம். நல்ல மனுஷன்தான். ஆனால் கடைக்கு ஒரு வேன் வேண்டும், இந்தக் கார் வீண் என்பது அவர் கட்சி. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்: வத்தேகமப் பந்தயத்தில் முதலிடம் வந்தால் கார் இருக்கும், வராவிட்டால் கார் வியாபாரி ஜவாஹிருக்குப் போய்விடும்.

அப்படிச் சொன்னவரே பந்தயத்துக்கு முந்திய வாரம் பளபளவென்று நாலு பெரிய அலாய் சக்கரங்களோடு வந்து நின்றார். பெண்டாட்டி ஜெயிக்கட்டும் என்ற ஆசைதான். கிழங்கு லொறியோடு காலம் தள்ளியவர் அல்லவா! பாரம் ஏற்றிய லொறி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், வெறும் லொறி துள்ளும். அவர் கண்டது அது. ஞானேஸ்வரி தன் பழைய சின்னச் சக்கரத்தையும் புதியதையும் கிழங்குத் தராசில் மாறி மாறி வைத்துக் காட்டினாள். புதியது ஒன்றரை மடங்கு கனம். அவர் முகம் பூவாய் மலர்ந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பந்தயத்தில் இரண்டு ஓட்டம். இரண்டில் குறைந்த நேரம் எதுவோ அதுதான் கணக்கு. அவர் மனம் நோகக்கூடாதென்று முதல் ஓட்டத்தைப் புதுச் சக்கரத்தில் ஓடினாள். கார் கிளம்பவே யோசித்தது. சக்கரம் வெளியே தள்ளி நின்றதால் வளைவுக்கு வளைவு டயர் மட்கார்டில் உரசி, ரப்பர் கருகிய நாற்றம் வேறு. பள்ளத்தில் விழுந்தெழுந்த சக்கரம் துள்ளிக்கொண்டே போனது. கிடைத்தது ஐந்தாம் இடம்.

சேதுராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞானேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“கெழங்கு மூட்டையத் தோள்ல வச்சா படி ஏறிருவீங்க. அதையே பிரிச்சு ரெண்டு கால்லயும் கட்டிக்கிட்டு ஏறுங்க பாப்போம்.”

மனுஷன் குனிந்து தன் காலையே பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து ஜாக்கைப் பிடித்தார். நான் அடம்பிடித்து அவர் லொறியில் ஏற்றிவந்திருந்த பழைய சக்கரங்களை, நாலையும் அவரே மாட்டினார்.

அம்மாடி, அந்த இரண்டாவது ஓட்டம்! கொடி விழுந்ததும் கார் பாய்ந்தது. கையைத் திருப்ப முன்னமே திரும்பியது போலிருந்தது. தேயிலைச் சரிவில் சிவப்பு மறைவதும் தெரிவதுமாக மேலே மேலே போக, நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் சேதுராமன் ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பைச் சாய்த்து, என் காலை இரண்டு தரம் மிதித்துவிட்டார். திட்டக்கூட எனக்கு நேரமில்லை.

இரண்டாம் இடம் என்று அறிவித்தார்கள். மயிரிழையில் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. ஞானேஸ்வரி இறங்கிவந்து, பேச்சு பேச்சுதான் என்பதுபோலச் சாவியைக் கணவர் கையில் வைத்தாள். ஜவாஹிரும் கிட்டே வந்து, காரை எப்போது எடுக்கலாம் என்று விசாரித்தார்.

சேதுராமன் சாவியை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

“கார் இல்ல, ஜவாஹிர் நானா. அந்த நாலு வீல் இருக்கு, எடுத்துக்கங்க. அடுத்த பந்தயத்துக்குப் பெட்ரோல் அடிக்கணும்.”