ஒண்ணுமில்லக்காவும் இரண்டாவது ஊசியும்

பெரிய விடுதி ஒன்றின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஏன் இருமுறீங்க, ஏன் இளைச்சுட்டீங்க, மாசாமாசம் அரை நாள் லீவு எதுக்கு என்று யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் "ஒண்ணுமில்ல" என்று பதில் வந்து விழும். சின்னவர்கள் அதோடு ஓர் அக்காவைச் சேர்த்து அவளுக்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். அவளையும் குறை சொல்ல முடியாது. எதிர்முனையில் விரிப்பைப் பிடித்து மடிக்கிறவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அவள் காதில் ஒரு சொல் விழுந்தால் கொதிகலன் அறைவரை போய்விடும்.

ஒண்ணுமில்லக்காவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. மகளுக்கும் பிறவியிலேயே இருந்தது. ஆனால் மகளுக்கு அது தெரியாது. தினமும் விழுங்குவது சத்து மாத்திரை என்று நம்பிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதாகிவிட்டது, வரவர நம்புகிற மாதிரியும் தெரியவில்லை.

பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்கத் தடுப்பூசி போட்டார்கள். பெற்றவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். "நாள்பட்ட வியாதி ஏதாவது இருக்கா? தினமும் மாத்திரை..." என்று நர்ஸ் ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

பழக்கதோஷம்! வகுப்பில் எல்லோருக்கும் போல மகளுக்கும் ஒரே ஊசி. வந்த வேலை முடிந்தது என்று அம்மா சலவைக் கூடத்துக்கு ஓடினாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மத்த பிள்ளைங்களுக்கு ஒண்ணு போதும்னு வச்சிருக்காங்க. எச்.ஐ.வி. இருக்கிற பிள்ளைக்கு அது பத்தாதும்மா. இவங்களுக்குத்தான் அந்தப் புற்றுநோய் வர்ற அபாயமும் அதிகம். இன்னும் ரெண்டு போடணும், கூட்டிட்டு வாங்க. அப்படியே அவகிட்ட உண்மையையும் சொல்லிடுங்க. எத்தனை நாள் மூடி வைப்பீங்க?"

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்தாள். தலையணை உறைக்குள் கையை விட்டபடி நின்றாள். "யார் கண்ணு பட்டுச்சு உனக்கு?" என்று ரேடியோ கேட்டபோது வழக்கமான பதில்கூட வாயில் வரவில்லை.

இரண்டாவது ஊசிக்குக் கூட்டிப்போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கிளாஸ்ல எல்லாருக்கும் ஒண்ணுதான். எனக்கு மட்டும் ஏன் இன்னொண்ணு?"

"டாக்டர் போடச் சொன்னாங்க."

"ஏன் சொன்னாங்க? அதைச் சொல்லு. இல்லேன்னா நான் உள்ள போகமாட்டேன்."

நர்ஸ் உள்ளிருந்து கூப்பிட்டாள். அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாய்வரை போய்க் குடிக்காமலே திரும்பினாள். 'ஒண்ணுமில்ல' நுனிநாக்கில் வந்து நின்றது. அந்த ஒரு சொல்லால்தானே பிள்ளைக்குப் பாதுகாப்பு பாதியில் நிற்கிறது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள்.

அம்மா மகளின் காதருகே குனிந்து சொல்லிவிட்டாள். என்ன நோய் என்று, மாத்திரை எதற்கு என்று, இந்த ஊசி ஏன் கூடுதலாக வேண்டும் என்று. "என்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்துச்சு" என்பதையும்.

மகள் அழவில்லை. "பொய் சொல்லியிருக்கே" என்றாள். பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். தோளைத் தேய்த்தபடி வெளியே வந்தாள். மூன்றாவது ஊசிக்கு எப்போது வரவேண்டும் என்பதை அவளே நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டாள். அம்மா பின்னிருக்கையில் உட்கார்ந்து மகளின் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாளோ? முன்னால் இருந்த கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

நாலைந்து நிறுத்தம் போனபின் மகள் திரும்பாமலே கேட்டாள்.

"உனக்கு இதை யார் சொன்னா?"

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அப்பா செத்ததுக்கப்புறம்."

"அப்ப உன் பக்கத்துல யார் இருந்தா?"

அம்மா யோசித்தாள்.

"யாரும் இல்ல. நீ இருந்தே. மடியில தூங்கிட்டு இருந்தே."

பேருந்து ஒரு வளைவில் திரும்பி நேரானது. மகள் பையை எடுத்துக் காலடியில் தள்ளினாள்.

"இங்க வந்து உட்காரும்மா" என்றாள்.