ஐந்தாம் துண்டு

கோம்பை ராக்கையா கப்பலில் வேலை பார்த்தவர் என்றால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆனால் 1964-ல் ஏலத்தோட்ட ஜீப்பில் குமுளி ஏறி, அங்கிருந்து கொச்சிக்குப் போய், கடலாராய்ச்சிக் கப்பல் ஒன்றில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தது உண்மைதான்.

நீண்ட இரும்புக் குழாயைக் கடலடிக்கு இறக்குவார்கள். அது ஆறு மீட்டர் சேற்றை அடுக்கு கலையாமல் மேலே கொண்டுவரும். அதை மீட்டருக்கு ஒரு துண்டாக அறுத்து, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டுப் பெட்டியில் வைப்பது ராக்கையாவின் வேலை.

ஒருநாள் கப்பல் சாய்ந்ததில், குறி போடுமுன்பே ஐந்தாம் துண்டு கைநழுவித் தளத்தில் உருண்டது. உடையவில்லை. ஆனால் எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மண்ணைத் தவறவிடுகிறவன் அடுத்த துறைமுகத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமாகும் என்ற பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. ராக்கையா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குத்துமதிப்பாக ஓர் அம்புக்குறியைப் போட்டார்.

கரையில் அந்த மண்ணை வாங்கியவர் டாக்டர் சாராம்மா, திருவல்லாக்காரர். மண்ணைச் சலித்து, கடுகிலும் சிறிய சிப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்து நான்கு வருடம் எண்ணினார். வேலை நிரந்தரமாகி அதே ஆபீசில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ராக்கையாவிடமும் ஆசையாக விளக்குவார்.

"பூமி பம்பரம் மாதிரி தலையாட்டிக்கிட்டே சூரியனைச் சுத்துது. ஒரு ஆட்டத்துக்கு இருபதாயிரம் வருஷத்துக்கு மேல. அதுக்குத் தக்க உலகம் சூடாகும், குளிரும். சூட்டுல வாழ்ற சிப்பி வேற, குளிர்ல வாழ்றது வேற. மண்ணுல அந்தத் தாளம் கிடைச்சா, உலகம் எப்போ சூடாச்சுன்னு தேதியே சொல்லிடலாம்."

1969-ல் அவர் ஆய்வாளர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். மற்றத் துண்டுகள் கணக்கோடு ஒத்துவந்தன. ஐந்தாவதில் மட்டும், பெரிய வெப்பக் காலம் பல்லாயிரம் ஆண்டு தள்ளி விழுந்திருந்தது. "உங்க கணக்குக்காக உலகம் சூடாகாது" என்றார் பெரியவர் ஒருவர். அறை சிரித்தது. அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறோம் என்று, டீ கொடுத்துக்கொண்டிருந்த ராக்கையாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அடுத்த நாற்காலிக்கு டீயை நீட்டினார்.

சாராம்மாவின் ஆய்வை நிறுத்தி அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். தினமும் அவர் முகத்தில் விழிக்க முடியாமல் ராக்கையா 1971-ல் வேலையை விட்டு ஊருக்கு வந்து திராட்சை போட்டார்.

1978-ல் கம்பம் டீக்கடையில் பேப்பர் பார்த்தார். கடலடி மண்ணை வைத்துப் பூமியின் தலையாட்டத்தையும் பழைய வெப்பக் காலங்களையும் வெளிநாட்டார் பொருத்திக் காட்டிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து மனைவி இருளம்மாளிடம் எல்லாவற்றையும் முதன்முறையாகச் சொன்னார்.

"போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள் இருளம்மாள். "ஏசுனாகன்னா வாங்கிக்கங்க."

கொச்சியில் அதே நூலகத்தில் இருந்த சாராம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே ராக்கையா சொல்லி முடித்தார்.

சாராம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தத் துண்டைத் தலைகீழாத் திருப்பினா எல்லாம் சரியா வருமேன்னு நானும் ஒரு தடவை நெனச்சேன். ஆனா உங்க அம்புக்குறி இருந்துச்சே, ராக்கையா. அதை நம்பினேன்."

"அந்த மண்ணு இப்ப இருக்கா, டாக்டரம்மா?"

"ஆபீஸ் மாத்தினப்போ கொட்டிட்டாங்க."

பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இதை இனிமே யாருக்கு அனுப்புவீக?"

"யாருக்கும் இல்ல. எனக்கு."

எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க ராக்கையாவுக்கு அரைமணி நேரம் ஆனது. சாராம்மா அதை இரண்டு தடவை படித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வீடு வந்தவரிடம் இருளம்மாள் கேட்டாள்: "என்ன சொன்னாக?"

"கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போயிச் சோறு வாங்கிக் குடுத்தாக" என்றார் ராக்கையா. "பிள்ளைக என்ன படிக்குதுகன்னு கேட்டாக."

அன்று அவர் திராட்சைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகவில்லை.